முதுகில் வீடு, வயிற்றில் டீசல்

1972க்கும் 1978க்கும் இடையில் லேண்ட் ரோவர் நிறுவனம் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஒரு விநோத வண்டியைக் கட்டியது. பெயர் 101 ஃபார்வர்டு கன்ட்ரோல். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 101 அங்குலம் என்பதால் அந்த எண். பானெட் கிடையாது. ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார வேண்டும்; அவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவே எஞ்சின். 105 மில்லிமீட்டர் பீரங்கியை இழுத்துக்கொண்டு, அதற்கான குண்டுகளையும் சுமந்து, சேற்றிலும் மேட்டிலும் போவதுதான் அதன் வேலை. மொத்தம் 2,700க்குள்தான் கட்டினார்கள். ஒரு பகுதி வண்டிகளுக்கு கேம்பிரிட்ஜின் மார்ஷல் நிறுவனம் ஆம்புலன்ஸ் பாடி கட்டிக் கொடுத்தது. 1990களில் ராணுவம் இவற்றைக் கழித்துவிட்டபோது, பழைய வண்டி சேகரிப்பவர்களோடு இன்னொரு கூட்டமும் வாங்க வந்தது. அவர்கள் கண்ணுக்குப் பீரங்கி தெரியவில்லை. ஸ்ட்ரெச்சர் வைக்கும் இடத்தில் கட்டில் தெரிந்தது. மருந்து அலமாரியில் சமையலறை தெரிந்தது.

ஒரு குறைதான். எஞ்சின் பெட்ரோல் வி8, மூன்றரை லிட்டர். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் அன்று நல்ல நாள். அதனால் வாங்கியவர்களில் பலர் அடுத்த வேலையாக அந்த எஞ்சினைக் கழற்றி, டீசல் எஞ்சினை இறக்கினார்கள். 101 மட்டுமல்ல, பழைய லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகள், ஜெர்மன் ராணுவத்தின் யூனிமோக் 404, ஆஸ்திரியாவின் கிராட்ஸில் ஃபோர்வீல் வண்டியாகக் கட்டப்பட்ட ஃபோக்ஸ்வாகன் டி3 சிங்க்ரோ என்று பல வண்டிகளில் இதே கதை நடந்திருக்கிறது. இந்த மாற்றம் எப்போது சரி, எப்போது வீண்செலவு என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டு அனுபவம் சேர்ந்துவிட்டது. அந்த அனுபவத்தை ஒருசேரப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. எல்லோரும் எஞ்சினிலிருந்து தொடங்குகிறார்கள். எஞ்சினோ கடைசியாக முடிவு செய்ய வேண்டியது.

முதலில் அந்த வி8க்கு நியாயம் செய்துவிடுவோம். அமெரிக்காவின் பியூக் நிறுவனம் வேண்டாமென்று விட்ட அலுமினிய எஞ்சின் அது. 1965இல் ரோவர் உரிமையை வாங்கியது. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவருக்குப் புகழ் தேடித் தந்ததில் பாதிப் பங்கு அதற்குண்டு. கனம் குறைவு, அதிர்வு குறைவு, வேலைக்காரன் கைக்குப் பழகியது. பெட்ரோல் குடிப்பதைத் தவிர அதன்மேல் சொல்ல வலுவான புகார் இல்லை. ஆனால் 1980களில் நேட்டோ நாடுகள் போர்க்களத்துக்கு ஒரே எரிபொருள் என்ற கொள்கைக்கு வந்தன. விமானத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் வகை எண்ணெயையே டீசல் எஞ்சின்களும் ஏற்றுக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சின் ஏற்காது. பெட்ரோல் வண்டிக்கென்று தனி டாங்கர் கொண்டுபோவது ராணுவத்துக்குச் சுமையாகிவிட்டது.

டீசல் தரும் லாபம் எங்கிருந்து வருகிறது? மூன்று இடங்களிலிருந்து. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. டீசல் எஞ்சின் காற்றை மிக அதிகமாக அழுத்துகிறது. லேண்ட் ரோவர் 200 டிடிஐயில் 19.5க்கு 1, அந்தக் கால வி8இல் எட்டு சொச்சம்தான். மூன்றாவது, டீசலில் காற்றை அடைக்கும் த்ராட்டில் கிடையாது. மெதுவாகப் போகும்போது பெட்ரோல் எஞ்சின் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சிழுப்பதுபோல் வீணாக்கும் உழைப்பு இதற்கு இல்லை. காட்டுப்பாதையில், மலையில், பாரத்தோடு ஊர்ந்து போகும் வண்டிக்கு இந்த மூன்றாவது காரணம்தான் பெரிது.

1989இல் லேண்ட் ரோவர் டிஸ்கவரியோடு வந்த 200 டிடிஐ, 1994இல் அதைத் தொடர்ந்த 300 டிடிஐ இரண்டும் இரண்டரை லிட்டர், நாலு சிலிண்டர், 111 குதிரைத்திறன். இழுவை ஏறக்குறைய 265 நியூட்டன் மீட்டர். வி8இன் இழுவையும் அந்த வட்டாரம்தான். ஆனால் வி8 அதைக் கொடுக்கச் சுற்று ஏற வேண்டும். டிடிஐ 1,800 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. இந்த எஞ்சின்கள்மேல் மெக்கானிக்குகளுக்கு உள்ள காதலுக்கு வேறு காரணமும் உண்டு. இவற்றுக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். டீசலைத் திறந்து மூடும் சொலினாய்டுக்கு 12 வோல்ட்டில் ஒரே ஒரு ஒயர் கொடுத்தால் எஞ்சின் ஓடும். மற்றதெல்லாம் பம்ப், நாசில், எண்ணெய், காற்று. 1998இல் வந்த டிடி5க்கு அந்தச் சலுகை இல்லை. அதைப் பழைய வண்டியில் இறக்குகிறவர் அதன் கம்ப்யூட்டரையும் ஒயரிங்கையும் கூடவே குடியேற்ற வேண்டும்.

இன்னொரு பாதை கனத்த, மெதுவான லாரி எஞ்சின்களின் பாதை. ஆஸ்திரேலிய ராணுவம் 1980களின் கடைசியில் தன் லேண்ட் ரோவர்களுக்கு பிரிட்டிஷ் எஞ்சினையே வைக்கவில்லை. இசுசுவின் 3.9 லிட்டர் 4பிடி1 எஞ்சினை வைத்துப் பெரென்டி என்று பெயரிட்டது. பின்னாளில் அவை ஏலத்துக்கு வந்தபோது, எஞ்சின் மாற்றும் வேலையே இல்லாத வீட்டு வண்டிகளாயின. அமெரிக்காவில் மெர்சிடஸின் ஐந்து சிலிண்டர் ஓஎம்617 எஞ்சினைப் பழைய செடான் காரிலிருந்து கழற்றி ஜீப்புகளில் இறக்குகிறார்கள். இவற்றைப் பாராட்டுகிறவர்கள் ஆயுளைப் பேசுவார்கள். கனத்தையும் அதிர்வையும் பேசமாட்டார்கள். இந்த எஞ்சின்களின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. கந்தகம் அதிகமுள்ள மட்டமான டீசல் விற்கும் ஊர்களிலும் அவை சுணங்காமல் ஓடும். புகை வடிகட்டி பொருத்திய இன்றைய காமன் ரெயில் எஞ்சின் அதே டீசலில் சில டாங்குக்குள் நோயாளியாகிவிடும். ஐரோப்பாவுக்குள் சுற்றுகிறவருக்கு இந்தப் பெருமையால் பயன் எதுவுமில்லை. சஹாராவையோ மத்திய ஆசியாவையோ கடக்கிறவருக்கு இதுவே எல்லாம்.

எஞ்சின் உட்கார்ந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. 101ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் அச்சுகளின் கிரவுன் பினியன் விகிதம் 5.57க்கு 1. பீரங்கி இழுக்க அமைத்தது. பெரிய 9.00-16 டயர்கள் இருந்தும், மணிக்கு 80 கிலோமீட்டரில் எஞ்சின் மூவாயிரம் சுற்றைத் தாண்டுகிறது. வி8க்கு அது சாதாரணம். நாலாயிரத்தில் சக்தி தீர்ந்துபோகும் டீசலுக்கு அது நெருக்கடி. எஞ்சின் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் கத்திக்கொண்டிருக்கும். எதிர்பார்த்த மைலேஜும் வராது. டீசல் தன் குணத்தைக் காட்ட வேண்டுமானால் அச்சு விகிதத்தையோ ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸ் விகிதத்தையோ குறைத்தே ஆக வேண்டும். சீரீஸ் லேண்ட் ரோவரில் இதே சிக்கலுக்கு மூன்று தீர்வுகள் உண்டு: ஓவர்டிரைவ் பொருத்துவது, ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸின் பல் மாற்றுவது, 4.7 விகித டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு ரேஞ்ச் ரோவரின் 3.54ஐப் போடுவது. மூன்றையும் ஒன்றாகச் செய்துவிட்டு, மலையில் முதல் கியரிலேயே முக்குகிறவர்களும் உண்டு. சிங்க்ரோவில் நிலைமை தலைகீழ். ஒன்றே முக்கால் டன் வேனுக்கு ஃபோக்ஸ்வாகன் 1.9 டிடிஐ எஞ்சின் அழகாகப் பொருந்தும். அதன் இழுவையை ஆண்டுக்கணக்கில் தாங்கும் கியர்பாக்ஸ்தான் கிடைக்காது.

சின்னச் சின்னவை இன்னும் இருக்கின்றன. பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில்தான் பிரேக் சர்வோ வேலை செய்கிறது. டீசலில் த்ராட்டில் இல்லை என்று மேலே மகிழ்ந்தோமே, அதே காரணத்தால் வெற்றிடமும் இல்லை. எஞ்சினோடு வரும் வேக்குவம் பம்பை இணைக்க மறந்தால் பிரேக் மிதி கல்லாக இருக்கும். டீசல் பம்ப் மிஞ்சிய எண்ணெயை டாங்குக்குத் திருப்பி அனுப்பும். அதற்கு இரண்டாவது குழாய் வேண்டும். பழைய டாங்கின் அடியில் தங்கிய பெட்ரோல், டீசலின் வழுக்கலை நம்பி ஓடும் பம்பைத் தேய்த்துவிடும். ராணுவ 101களில் ஒரு பகுதி 24 வோல்ட் வண்டிகள். டிடிஐயோ 12 வோல்ட் பிள்ளை. டிஸ்கவரியிலிருந்து எடுத்த 200 டிடிஐயின் டர்போ தாழ்வாக இருப்பதால் சீரீஸ் வண்டியின் சேஸிஸில் இடிக்கும். சிலர் லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் மேனிஃபோல்டைத் தேடி வாங்குகிறார்கள். சிலர் டர்போவையே கழற்றிவிட்டு, பழைய கியர்பாக்ஸ் பிழைக்கட்டும் என்று நிம்மதியாகிறார்கள். இரண்டாவது கூட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கியர்பாக்ஸின் வயதை மதித்து எஞ்சினின் வேகத்தைக் குறைப்பவர்கள் அபூர்வம்.

காசுக் கணக்குக்கு வருவோம். 101 டீசலானால் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் வரும் என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் வார விடுமுறைக்கும் கோடைக்கும் மட்டும் ஓடும் வண்டி ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் போனால், பெட்ரோலில் 750 லிட்டர், டீசலில் 430. மிச்சம் 320 லிட்டர். லிட்டர் ஒன்றரைப் பவுண்டு என்றால் 480 பவுண்டு. எஞ்சின், அதைப் பொருத்தும் தட்டு, ரேடியேட்டர், இன்டர்கூலர், புகைக்குழாய், கியர் வேலை என்று எல்லாம் சேர்ந்தால் சொந்தக் கையால் செய்பவருக்கே சில ஆயிரம் பவுண்டு ஆகும். போட்ட காசு திரும்புவதற்குள் வேறேதாவது உடைந்துவிடும். அதே வி8க்கு எல்பிஜி பொருத்தியவர்கள் குறைந்த செலவில் அதே மிச்சத்தைப் பார்த்தார்கள். சிலிண்டர் கொஞ்சம் இடத்தை விழுங்கியது என்பதுதான் நஷ்டம். இப்போது பிரிட்டனில் எல்பிஜி போடும் பங்க்குகள் குறைந்துவருவதால் அந்த யோசனையும் பழசாகிக்கொண்டிருக்கிறது. ஆக, எரிபொருள் மிச்சத்துக்காக எஞ்சின் மாற்றுகிறேன் என்பவர் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறார். ஆண்டுக்கு இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டி நாடு நாடாகப் போகிறவருக்கு மட்டும் இந்தக் கணக்கு தானாகவே நேராகும்.

மிச்சத்தைவிட வலுவான நியாயம் தூரம். நூறு லிட்டர் டாங்கில் நானூறு கிலோமீட்டர் போன வண்டி எழுநூறு போகிறது. அடுத்த பங்க் எங்கே என்று தெரியாத நிலத்தில் அந்த முந்நூறு கிலோமீட்டர்தான் தூக்கம். லாரி போகும் இடமெல்லாம் டீசல் கிடைக்கும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அதற்கு மேல் வீட்டு வண்டிக்கே உரிய வசதி ஒன்று உண்டு. எபர்ஸ்பேகர், வெபாஸ்டோ போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் சிறு ஹீட்டர்கள் எஞ்சினின் டாங்கிலிருந்தே டீசலை எடுத்து, மணிக்குக் கால் லிட்டருக்குள் எரித்து, இரண்டு கிலோவாட் சூடு தருகின்றன. டீசலில் எரியும் அடுப்பும் உண்டு. கேஸ் சிலிண்டர் வேண்டாம்; ஒவ்வொரு நாட்டிலும் மாறும் அதன் வாய்களும் வேண்டாம். இந்த ஹீட்டர்களை விளம்பரங்கள் சொல்வதுபோல் பொருத்திவிட்டு மறந்துவிட முடியாது. உயரமான மலையில் காற்று மெலியும்போது டீசல் சரியாக எரியாமல் கரி படியும். புகைக்குழாய் கண்டிப்பாக வெளியே போக வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் யாரும் தூங்கக் கூடாது.

இனி வீடு. ஆயத்தமாக வண்டியில் வீடு கட்டும் தொழில் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் மார்ட்டின் வால்டர் நிறுவனத்தால் பெயர் பெற்றது. 1960களில் அவர்கள் நீளமான லேண்ட் ரோவருக்கு ஒரு பக்கம் கீல் வைத்துத் திறக்கும் கோடுபோட்ட துணிக்கூரை அமைத்துக் கொடுத்தார்கள். டோர்மொபில் என்ற அந்தப் பெயர் பிரிட்டனில் இன்றும் புழங்குகிறது. அந்தக் கூரையின் புத்திசாலித்தனம், ஓடும்போது மடங்கிக்கிடப்பது. இன்று வீட்டிலேயே செய்பவர்கள் கனமான மரத்தை உயரத்தில் அடுக்குகிறார்கள். எட்டடிக்கு நாலடி, 12 மில்லிமீட்டர் பர்ச் ப்ளைவுட் ஒரு பலகையே 24 கிலோ வரும். ஐந்து பலகை சேர்ந்தால் ஒரு பெரிய ஆள். நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ, டீசல் எண்பத்து நாலு, ஈய பேட்டரி இரண்டு ஐம்பது அறுபது, கூரை மேல் கூடாரம், அதன் மேல் இரண்டாவது ஸ்டெப்னி. 110 டிஃபெண்டரின் உச்ச எடையே 3,050 கிலோதான். 1997 முதல் லைசென்ஸ் வாங்கிய பிரிட்டிஷ்காரர் சாதாரண லைசென்ஸில் ஓட்டக்கூடியது 3,500 கிலோ வரை. காகிதத்தில் எடை போடாமல் எஞ்சின் வாங்குவது, எத்தனை பேருக்குச் சமையல் என்று தெரியாமல் அரிசி ஊறவைப்பதுதான்.

எடை தெரிந்தால் மற்றவை வரிசையாக விழும். எவ்வளவு எடை, எந்தச் சாலை, எவ்வளவு தூரம்; அதற்கேற்ற டயர், பிரேக், ஸ்ப்ரிங்; அதற்கேற்ற கியர்; அந்தக் கியரில் நிம்மதியாகச் சுற்றும் எஞ்சின். இந்த வரிசையில் வந்தால் சில வண்டிகளுக்குப் பழைய பெட்ரோல் எஞ்சினே போதும் என்ற பதில் வரும். யூனிமோக் 404 அப்படிப்பட்ட வழக்கு. 64,000க்கு மேல் தயாரான அந்த வண்டியில் இருப்பது 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். நூறு கிலோமீட்டருக்கு 25 லிட்டருக்குக் குறையாது. ஆனால் உச்ச வேகமே 95தான். ஜெர்மன் ராணுவத்தின் ரேடியோப் பெட்டியை முதுகில் வைத்து ஆண்டுக்கு இரண்டு முறை காட்டோரம் போகிறவருக்கு அதை மாற்ற எந்த அவசரமும் இல்லை.

அலுமினியப் பெட்டிக்குள் தூங்குவதன் வேதனை வேறு. இருவர் ஒரு இரவில் மூச்சிலும் வியர்வையிலும் விடும் ஈரம் அரை லிட்டருக்கு மேல். காலையில் அது சுவரில் வழியும். ஹீட்டர் பாதி மருந்து, காற்றோட்டம் மீதி. மார்ஷல் ஆம்புலன்ஸ் பாடி இந்த விஷயத்தில் மற்றவற்றைவிட மேல். நோயாளிகளுக்காகக் கட்டியதால் சுவரில் காப்பு வைத்தே வந்தது.

சட்டம் இந்த ஆசையை எப்படிப் பார்க்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் வேடிக்கையும் கூட. பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பு நெடுங்காலம் கடைப்பிடித்த புள்ளி முறையில் சேஸிஸுக்கு 5, சஸ்பென்ஷன், அச்சு, கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு 1. பழைய பதிவெண் நிலைக்க 8 புள்ளி வேண்டியிருந்தது. எல்லோரும் தூக்கம் கெட்டு யோசிக்கும் எஞ்சினுக்கு அரசாங்கம் கொடுத்த மதிப்பு பதினாலில் ஒன்று. எஞ்சினுக்கு இடம் வேண்டுமென்று சேஸிஸை வெட்டிய வண்டியோ அந்த முறையில் தன் அடையாளத்தையே இழந்தது. நாற்பது வயதைக் கடந்த வண்டிக்கு அங்கே ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் கடந்த முப்பது ஆண்டுக்குள் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த விலக்கு போய்விடும். தொழிற்சாலை ஒருபோதும் பொருத்தாத எஞ்சின் அப்படிப்பட்ட மாற்றம். சீரீஸ் வண்டிக்குத் தொழிற்சாலையே டீசல் கொடுத்திருக்கிறது, 101க்குக் கொடுக்கவில்லை. எட்டு சிலிண்டர் இருந்த இடத்தில் நாலு சிலிண்டர் இருப்பது சோதனைக்காரர் கண்ணுக்குத் தப்பாது. 2019இல் இன்னொரு கெடுபிடி வந்தது. உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால் போதாது. சாலையில் பார்ப்பவருக்கே அது வீட்டு வண்டி என்று தெரிந்தால்தான் பதிவில் அப்படி எழுதுவார்களாம்.

நகரங்கள் டீசலுக்கு எதிராகத் திரும்பியிருப்பது இதைவிடப் பெரிய செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகையில் சேர்த்தது. ஜெர்மன் நகரங்கள் 2008 முதல் வண்டிகளுக்குப் புகை அட்டை கேட்கின்றன. லண்டன் முழுவதும் 2023 ஆகஸ்டில் புகைக் கட்டண எல்லைக்குள் வந்தது. இரண்டு இடங்களிலும் வரலாற்று வாகனம் என்ற தகுதி பெற்றவற்றுக்கு விலக்கு இருப்பதால்தான் இந்த வண்டிகள் இன்னும் ஊருக்குள் நுழைகின்றன. ஜெர்மனியில் அந்தத் தகுதிக்கு, மாற்றிய எஞ்சின் வண்டியின் காலத்துக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். எழுபதுகளின் வண்டியில் தொண்ணூறுகளின் எஞ்சினை வைத்தவர் அங்கே இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார். இதை அநியாயம் என்று புலம்புகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. டிடிஐ விடும் கரும்புகையை அதன் பின்னால் சைக்கிளில் போகிறவர்தான் சுவாசிக்கிறார்.

நம் பக்கத்திலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. பெட்ரோல் மகேந்திரா ஜீப்பில் டீசல் எஞ்சின் இறக்குவது எழுபது எண்பதுகளில் இந்தியா முழுக்கப் பட்டறைகளின் அன்றாட வேலை. மகேந்திராவே பெஜோ டீசலுக்கு மாறியது. பஜாஜ் டெம்போ உரிமம் பெற்றுத் தயாரித்த மெர்சிடஸ் ஓஎம்616, மெட்டடோர் எஞ்சின் என்ற பெயரில் ஜீப்புக்கும் அம்பாசிடருக்கும் புது உயிர் கொடுத்தது. அமெரிக்காவில் இன்று கொண்டாடும் ஓஎம்617க்கு அது ஒரு சிலிண்டர் குறைந்த உடன்பிறப்பு. அன்று நோக்கம் வீடு அல்ல, வாடகை. இன்று அதே வேலையைச் செய்துவிட்டு வீடும் கட்ட நினைப்பவருக்கு வழி குறுகியிருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை இறுக்கமாகவே உறுதிசெய்தது. டெல்லி வட்டாரத்தில் டீசல் வண்டிக்குப் பத்து ஆண்டு என்ற வரம்பு வேறு பேசப்படும் காலம்.

இதற்கிடையே எஞ்சின் கிடைப்பதே அரிதாகிவருகிறது. டிடிஐ எஞ்சின்களுக்கு ஊற்றுக்கண், துருப்பிடித்து உடைப்புக்குப் போன முதல் தலைமுறை டிஸ்கவரிகள். ஒரு காலத்தில் முழு வண்டியையும் வாங்கி, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தைப் பழைய இரும்புக்குத் தள்ளுவார்கள். அப்படித் தள்ளியே டிஸ்கவரிகள் தீர்ந்துவருகின்றன. மிஞ்சியவற்றை இப்போது சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். பழுதில்லாத வி8ஐக் கழற்றி விற்றுவிட்டு, டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத 300 டிடிஐயைக் கூடுதல் விலைக்கு வாங்குவதா என்று 101 வைத்திருப்பவர் யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்காரரானால், அந்தக் காசை பிரேக்குக்கும் டயருக்கும் போட்டு, ஒரு டீசல் ஹீட்டருக்கு மட்டும் பத்து லிட்டரில் தனி டாங்க் வைத்துக்கொள்ளலாம்.